முத்திரையை அப்புறம் பாருங்கள்: பழம்பொருள் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "வாங்கிவிட்டேன், இது அசலா?" ரகம். காசு கைமாறுவதற்கு முன் எழுதியிருக்கலாம். கடிதங்களைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். படம் அனுப்பியவர்களுக்கு நன்றி. இருட்டறையில் எடுத்து அனுப்பியவர்களுக்கு நன்றி இல்லை.

கே: வெள்ளித் தேநீர்க் குடுவை ஒன்று வாங்கினேன். அடியில் நான்கு சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில எழுத்து. "18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து ஹால்மார்க்" என்றார் விற்றவர். காந்தம் ஒட்டவில்லை. வெள்ளிதானே?

ப: இல்லை. படத்தில் உள்ள எழுத்துகள் இ, பி, என், எஸ். மின்முலாம் பூசிய நிக்கல் சில்வர் என்பதன் சுருக்கம் அது. நிக்கல் சில்வரில் இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். வெள்ளி துளியும் கிடையாது. மேலே மெல்லிய பூச்சாக இருப்பது மட்டும்தான் வெள்ளி. அந்த எழுத்துகளைக் கேடய வடிவக் கட்டங்களில் வரிசையாகப் பதித்தால் அரைக்கண் பார்வைக்கு ஹால்மார்க் போலவே தெரியும். பட்டறைக்காரர்களுக்கு அது தெரியாமல் இல்லை.

அசல் இங்கிலாந்து வெள்ளியில் நடக்கும் சிங்கம் இருக்கும்; ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதற்கான அடையாளம் அது. கூடவே சோதித்த ஊரின் சின்னம் (லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம்), ஆண்டைக் குறிக்கும் எழுத்து, செய்தவரின் முதலெழுத்துகள். 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அரசரின் அல்லது அரசியின் தலையும் உண்டு. மின்முலாம் வியாபாரமாக வளர்ந்ததே 1840-இல் அதற்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான். ஆகவே 18-ஆம் நூற்றாண்டு என்று சொன்னவர் ஒன்று தெரியாதவர், அல்லது நன்றாகத் தெரிந்தவர்.

காந்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செம்பு, பித்தளை, நிக்கல் சில்வர் எதுவும் காந்தத்தில் ஒட்டாது. காந்தம் ஒட்டினால் அது வெள்ளி இல்லை என்று சொல்லலாம். ஒட்டாவிட்டால் ஒன்றுமே சொல்ல முடியாது.

கே: கறுத்துப்போன பழைய வெள்ளிச் சாமான்களை, முக்கி எடுத்தால் பளிச்சென்று ஆக்கும் திரவத்தில் போடலாமா?

ப: கூடாது. பள்ளங்களில் தங்கியிருக்கும் கருமைதான் அந்த வேலைப்பாட்டையே கண்ணுக்குக் காட்டுகிறது.

கே: பீங்கான் ஜாடி. அடியில் நீல நிறத்தில் குறுக்கு வாள்கள். இணையத்தில் பார்த்த மைசன் (ஜெர்மனியின் பீங்கான் ஆலை) முத்திரையோடு அப்படியே ஒத்துப்போகிறது. எவ்வளவு பழசாக இருக்கும்?

ப: உட்காருங்கள், இது கொஞ்சம் நீளும். பொருளைக் கையில் எடுத்ததும் கவிழ்த்துப் பார்க்கிற வழக்கத்தை எந்தப் புண்ணியவான் ஆரம்பித்துவைத்தாரோ தெரியவில்லை. மேலே அவ்வளவு பெரிய ஜாடி தன் வயதைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. அதை விட்டுவிட்டு, அடியில் நகக்கண் அளவு இடத்தைப் படம் எடுத்து, போனில் தேடி, "கிடைத்துவிட்டது!" என்று காசை எடுத்து நீட்டுகிறார்கள். பீங்கானில் போலி செய்ய மிகச் சுலபமான இடம் அதுதான். ஒரு தூரிகையும் கொஞ்சம் கோபால்ட் நீலமும் போதும். மைசன் ஆலை வாள்களைப் போட ஆரம்பித்தது 1720-களில். அன்றிலிருந்து இன்றுவரை மற்றவர்களும் அதே வாள்களைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முத்திரை போட்டவன் எப்போதும் திருடனாக இருக்க வேண்டியதும் இல்லை. சீனாவில் காங்சி காலத்துக் (1662–1722) குயவர்கள், இருநூறு ஆண்டுக்கு முந்தைய செங்குவா பேரரசரின் பெயரைத் தங்கள் பாத்திரங்களில் எழுதினார்கள். முன்னோர் வேலையின் மேல் இருந்த மரியாதையும் அதற்கு ஒரு காரணம். 19-ஆம் நூற்றாண்டில் வந்தவர்கள் காங்சியின் பெயரை எழுதினார்கள். இன்றைக்கு அந்த எழுத்தைப் படித்துவிட்டு "1470-இல் செய்தது" என்று விற்கிறவர்தான் திருடன்.

அவ்வளவாக யாரும் போலி செய்ய மெனக்கெடாத முத்திரை ஒன்று உண்டு. நாட்டின் பெயர்! இறக்குமதிப் பொருளில் பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் போட்டு, 1891-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வெறுமனே "இங்கிலாந்து" என்று இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிறகு செய்தது. "மேட் இன்" சேர்ந்திருந்தால் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டு. ஜப்பானியப் பொருளில் "நிப்பான்" என்று இருந்தால் பெரும்பாலும் 1921 வரை அமெரிக்காவுக்குப் போன சரக்கு. பிறகு "ஜப்பான்" என்றே எழுதச் சொல்லிவிட்டார்கள். இதை வைத்துக்கொண்டு, நாட்டின் பெயரே இல்லாவிட்டால் 1891-க்கு முந்தையது என்று தலைகீழாகக் கணக்குப் போடாதீர்கள். அமெரிக்காவுக்குப் போகாத பொருளுக்கு அது தேவைப்படவில்லை. சிலவற்றில் ஒட்டியிருந்த காகிதச் சீட்டு உரிந்துபோயிருக்கும்.

சரி, எதைத்தான் பார்ப்பது? ஜாடி நிற்கும் வளையத்தைப் பாருங்கள். பல காலம் அலமாரியில் இழுபட்டிருந்தால் தேய்மானம் ஒழுங்கில்லாமல் இருக்கும்; ஓரிடத்தில் அதிகம், ஓரிடத்தில் குறைவு. சுற்றிலும் ஒரே பழுப்பு என்றால் யாரோ உட்கார்ந்து பூசியிருக்கிறார். தங்கக்கோடு விரல் படும் இடத்தில் அழிந்திருக்க வேண்டும். விரலே போகாத மூலையில் அழிந்து, பிடிக்கிற இடத்தில் புத்தம்புதிதாக மின்னினால் சந்தேகப்படுங்கள். பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பூக்களைப் பாருங்கள். தூரிகை ஓடிய தடம் தெரிகிறதா, அச்சுப்புள்ளிகள் தெரிகின்றனவா? இன்னொன்றும் உண்டு. வாள்களின் குறுக்கே பூச்சை அறுத்துக் கீறல்கள் போட்டிருந்தால், பெரும்பாலும் ஆலையே இரண்டாந்தரம் என்று கழித்த பொருள். அசல் மைசனாகவே இருந்தாலும் மதிப்பு குறைவு. அந்தக் கீறலைப் பற்றி விற்பவர் மூச்சு விடமாட்டார்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரோஜா இதழ் முழுக்கப் புள்ளிகள், செய்தித்தாள் படத்தில் இருப்பதைப் போல. வாள்களை மறந்துவிடுங்கள்.

கே: ஏலத்தில் "குறையற்றது" என்று எழுதியிருந்த பீங்கான் பூச்சாடியை எடுத்தேன். வெந்நீரில் கழுவியதும் கழுத்தில் வண்ணம் உரிந்துவிட்டது. உள்ளே ஒட்டுப்போட்ட விரிசல். "கழுவியது உங்கள் தப்பு" என்கிறார்கள். என் சேமிப்பு முழுவதும் அதில்தான் போயிற்று.

ப: உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, முதலில் அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். சூளையில் சுட்டெடுத்த பூச்சு வெந்நீருக்கு உரியாது. உரிகிறது என்றால், விரிசலை ஒட்டி மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அவர்கள் குற்றமாகச் சொல்வதுதான் உங்கள் சாட்சி.

இனி அதைத் தொடாதீர்கள். உரிந்த துணுக்குகளை ஓர் உறையில் போட்டு வையுங்கள். ஏலப் பட்டியலில் "குறையற்றது" என்றிருக்கும் பக்கத்தை, அவர்கள் மாற்றுவதற்குள், படம் எடுத்துவிடுங்கள். பீங்கான் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். போனில் பேசி நேரத்தை வீணாக்காமல், பணத்தைத் திருப்பித் தரச்சொல்லிக் கடிதமாக அனுப்புங்கள். ஏல நிபந்தனைகளில் புகாருக்குக் கெடு இருக்கும், அதை இன்றே படியுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். "நாங்களே இலவசமாகச் சரிசெய்து தருகிறோம்" என்று வருவார்கள். கொடுத்தால் உங்கள் சாட்சி அவர்கள் கைக்குப் போய்விடும்.

அடுத்த தடவை, விரல் நகத்தால் மெல்லத் தட்டிக் கேளுங்கள். முழுப் பீங்கான் கணீரென்று ஒலிக்கும், ஒட்டியது மொத்தென்று கேட்கும். புற ஊதா விளக்கடியில் ஒட்டிய பசையும் பெயின்டும் பெரும்பாலும் தனியாகத் தெரியும். புதுவகைப் பெயின்ட் சில தப்பிவிடும் என்பதால் விரலாலும் தடவிப் பாருங்கள். பூச்சு சில்லென்றிருக்கும், பெயின்ட் அப்படி இருக்காது.

கே: கண்ணாடிப் பொருளின் அடியில் உடைத்தெடுத்த தழும்பு இருந்தால் பழசு என்கிறார்களே?

ப: கையால் ஊதியது என்று சொல்லலாம். பழசு என்று சொல்ல முடியாது; இன்றும் ஊதுகிறார்கள், இன்றும் தழும்பு விழுகிறது. அடியில் உள்ள கீறல்களைக் கவனியுங்கள். உண்மையான தேய்மானத்தில் அவை பல திசைகளில் கிடக்கும். உப்புத்தாளில் தேய்த்திருந்தால் ஒரே திசையில் ஓடும்.

கண்ணாடியில் நானும் கையைச் சுட்டுக்கொண்டவன்தான். பிரெஞ்சுக் கலைஞர் எமில் காலேயின் கையெழுத்துள்ள பூச்சாடி ஒன்றை என் தலையில் கட்டினார்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் மட்டும் லேசான ஒரு குழி, மங்கலாக. ருமேனியாவில் செய்கிற நகல்களில் "டிப்" என்று, அதாவது "அந்த மாதிரி" என்று, பெயரோடு சேர்த்து எழுதுவது உண்டு. செய்தவர் நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார். நடுவில் யாரோ அதை ராவி எடுத்துவிட்டார்கள். விரல் வைத்தால் இன்றும் அந்தக் குழி தட்டுப்படும். அசலே கிடைத்தாலும் அதில் ஒரு சங்கதி இருக்கிறது: காலே 1904-இல் இறந்த பிறகும் அவர் ஆலை அதே பெயரில் பல ஆண்டுகள் ஓடியது.

கே: பழைய கிரிஸ்டல் குடுவையில் பானத்தை ஊற்றி வைக்கலாமா?

ப: பரிமாற ஊற்றலாம், நாள்கணக்கில் வைக்கக் கூடாது. அது ஈயக் கண்ணாடி. ஈயம் பானத்தில் இறங்கும். பழைய ஈயப்பூச்சு மண்பாத்திரங்களில் சாப்பிடவே வேண்டாம்.

கே: "200 வருடக் காஷ்மீர் சால்வை, முழுக்கக் கைநெசவு" என்று வாங்கினேன். பின்பக்கம் எங்கும் நறுக்கிய நூல்முனைகள். கிழிந்துவிடுமோ?

ப: கிழியாது, ஆனால் காஷ்மீரும் இல்லை. காஷ்மீர் நெசவில் ஒவ்வொரு நிறத்தின் ஊடுநூலும் தன் இடம் முடிந்ததும் திரும்பிவிடும்; பக்கத்து நிறத்தோடு கோத்துக்கொள்ளும். ஜக்கார்டு தறியில் (துளையிட்ட அட்டைகளை வைத்துப் பூவேலை நெய்யும் தறி) எல்லா நிறமும் சால்வையின் அகலம் முழுக்க ஓடும். பின்பக்கம் தொங்கும் மிச்சத்தை அப்புறம் நறுக்கிவிடுவார்கள். நீங்கள் பார்ப்பது அந்த நறுக்கல். அந்தத் தறியே 1804-இல் வந்ததுதான். ஸ்காட்லாந்தின் பேஸ்லி போன்ற ஊர்களில் இப்படி நெய்து குவித்தார்கள். அழகான சால்வைதான், அதற்கும் விரும்பி வாங்குவோர் உண்டு. ஆனால் நீங்கள் கொடுத்தது காஷ்மீருக்கான விலை. வித்தியாசத்தைக் கேட்காதீர்கள், முழுப் பணத்தையும் கேளுங்கள்.

கே: நூறு வருடப் பட்டு எம்பிராய்டரி. அழுக்காக இருந்ததால் வாஷிங் மெஷினில் போட்டேன். சிவப்பு முழுக்கப் பரவிவிட்டது. பிறகு ஜன்னலுக்கு எதிரே மாட்டினேன், மிச்ச நிறமும் போகிறது. திரும்பக் கொண்டுவர வழி உண்டா?

ப: கிடையாது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். அருங்காட்சியகங்கள் பழந்துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் காட்டும், அதையும் எண்ணி எண்ணிக் காட்டும். வெயிலில் போன சாயம் போனதுதான். இப்போதே சுவரிலிருந்து இறக்கி, அமிலமில்லாத தாளோடு சேர்த்து, மடிக்காமல் உருளையில் சுற்றி இருட்டில் வையுங்கள். அடுத்த துணியை வாங்குவதற்கு முன் எனக்கு எழுதுங்கள், தயவுசெய்து.

கே: வெளிநாட்டிலிருந்து பழைய வெள்ளித் தேநீர்க் குடுவை ஒன்றை வரவழைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

ப: கைப்பிடி உடலோடு சேரும் இடத்தில் மெல்லிய வெள்ளை வளையங்கள் உண்டா என்று பாருங்கள். சூடு கைக்கு ஏறாமல் இருக்கத் தந்தத்தில் போடுவார்கள். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தை 1989-இல் தடை செய்ய முடிவெடுத்தார்கள். பழம்பொருள் என்றாலும் தாள்கள் இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பிடித்துவைப்பார்கள், குடுவையோடு சேர்த்து. "எலும்பாகத்தான் இருக்கும்" என்று விற்பவர் சொன்னால், அதை ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். தயங்கினால் பணம் அனுப்பாதீர்கள்.