டாரஸ் லாரியின் நடுவே பேரியர் இறங்குவது ஏன்?

வாகனம் உணரும் சென்சார்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கப்பலூர் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி கேட்டில் பூம் பேரியர் (ஏறி இறங்கும் தடுப்புத் தடி) போட்டிருக்கிறோம். காருக்கும் குட்டி யானைக்கும் பிரச்சினை இல்லை. டாரஸ் லாரி பாதி தாண்டும்போதே தடி இறங்கி பாடியில் அடிக்கிறது. வண்டியை உணரும் டிடெக்டரை மாற்றியும் சரியாகவில்லை.

பதில்: டிடெக்டரைத் திரும்பவும் மாற்றிக் காசை வீணாக்காதீர்கள். தரைக்குள் இருக்கும் லூப்பை, அதாவது டிடெக்டரோடு சேரும் ஒயர் வளையத்தை, முதலில் டேப் வைத்து அளந்து பாருங்கள். லூப்புக்கு வண்டியின் எடை தெரியாது. மேலே உலோகம் வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும், லூப்பின் தூண்டல் குறையும், டிடெக்டர் அதைத்தான் பிடிக்கிறது. அது எட்டும் உயரம், லூப்பின் குறுகிய பக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. உங்கள் லூப் வண்டி போகும் திசையில் 1 மீட்டர்தான் இருந்தால், 65 சென்டிமீட்டருக்கு மேல் இருப்பது அதற்குத் தெரியாது. லாரியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே சேஸ் (அடிச்சட்டம்) அதைவிட உயரத்தில் போகிறது. அந்த இடம் லூப்பின் மேல் வந்ததும் ‘வண்டி போய்விட்டது’ என்று டிடெக்டர் முடிவு கட்டிவிடும், தடி இறங்கும்.

லூப்பைப் புதிதாக வெட்டுங்கள். போகும் திசையில் 2 மீட்டர், குறுக்கே 3 மீட்டர். சுற்றளவு 10 மீட்டர் வரும். அதற்கு ஒயரை 3 சுற்று போட்டால், சுமார் 100 மைக்ரோஹென்றி தூண்டல் கிடைக்கும். கீழே கம்பி கட்டிய கான்கிரீட் என்றால் 4 சுற்று போடுங்கள். ஒயரும் கம்பியும் 5 சென்டிமீட்டராவது விலகியிருக்க வேண்டும். மூலைகளை 45 டிகிரியில் வெட்டச் சொல்லுங்கள். நேர் மூலையில் ஒயரின் காப்பு அறுபடும். இரும்பு ஸ்லைடிங் கேட் ஓடும் பாதையிலிருந்து 1 மீட்டர் தள்ளி வெட்டுங்கள், இல்லாவிட்டால் கேட்டையே வண்டி என்று எடுத்துக்கொள்ளும்.

லூப்பிலிருந்து டிடெக்டர் வரை போகும் இரண்டு ஒயர்களையும் மீட்டருக்கு 20 முறுக்காவது முறுக்க வேண்டும். ஆட்கள் பெரும்பாலும் இந்த வேலையைத்தான் சுருக்கிவிடுகிறார்கள். முறுக்காத ஒயர் பக்கத்து மோட்டார் கேபிளின் இரைச்சலை எல்லாம் வாங்கிக்கொள்ளும். வழியில் ஜாயின்ட் கூடாது. வேறு வழியில்லை என்றால் சால்டர் வைத்து, தண்ணீர் புகாதபடி மூடுங்கள்.

பள்ளத்தை அடைக்கும் முன்பே சோதித்துவிடுங்கள். டிடெக்டரைக் கழற்றிய பிறகு மெக்கரில் (காப்பைச் சோதிக்கும் மீட்டர்) 500 வோல்ட் கொடுத்து, ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள். 10 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் காப்பு எங்கோ கிழிந்திருக்கிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில், ஃபீடர் (லூப்பிலிருந்து டிடெக்டர் வரை போகும் ஒயர்) 30 மீட்டர் என்றால் மல்டிமீட்டர் 1 ஓம் அளவு காட்டும். 2, 3 என்று ஏறினால் ஜாயின்ட்டைச் சந்தேகப்படுங்கள். அடைப்புக்குள் ஒயர் ஆடக் கூடாது. ஆடினால் லாரி அதிர்விலேயே பொய்யாக வண்டி காட்டும். கொதிக்கும் தாரை நேராக ஊற்றினால் பி.வி.சி. காப்பு உருகிவிடும் என்பதையும் ஆட்களிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறும் சமயத்தில் மட்டும் எங்கள் பேரியர், கீழே வண்டி நிற்கும்போதே இறங்குகிறது. பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான். பெரும்பாலான டிடெக்டர்கள் கரண்ட் வந்ததும் அப்போதிருக்கும் நிலையையே ‘காலி’ என்று எடுத்துக்கொண்டு தம்மைச் சரிசெய்துகொள்ளும். லூப் மேல் லாரி நின்றாலும் அவற்றுக்கு அது காலி இடம்தான். டிடெக்டரையும் பேரியர் கன்ட்ரோலரையும் சிறிய யு.பி.எஸ். ஒன்றில் சேருங்கள். கரண்ட் வந்ததும் தடி தானாக இறங்காமல், வாட்ச்மேன் பட்டனை அழுத்தினால்தான் இறங்கும்படி கன்ட்ரோலரில் செட் செய்யுங்கள். கூடவே தடிக்கு நேர் கீழே ஒரு போட்டோ பீமும் (குறுக்கே போகும் ஒளிக்கதிர் மறைந்தால் வண்டி காட்டும் சென்சார்) வையுங்கள். லூப், பீம் இரண்டில் எது வண்டி காட்டினாலும் தடி இறங்கக் கூடாது. இதைப் போடும்வரை ஜெனரேட்டர் ஏறும் நேரத்தில் அந்தத் தடிக்குக் கீழே யாரையும் நிற்க விடாதீர்கள்.

கேள்வி: வாடிப்பட்டி பக்கம் ரைஸ் மில். எடை மேடையில் வண்டி முழுசாக ஏறிவிட்டதா என்று பார்க்க லூப் போடலாமா?

பதில்: வேண்டாம். மேடையின் இரும்புத் தகடு லூப்பை மழுக்கிவிடும். மேடையின் இரண்டு ஓரத்திலும் குறுக்கே பீம் வையுங்கள். ஏதாவது ஒன்று மறைந்திருந்தால் எடை பதியக் கூடாது. உமித்தூசி பறக்கும் இடத்தில் ரிஃப்ளெக்டர் வைத்த வகை சீக்கிரம் திணறும். அனுப்பும் கண் ஒரு பக்கம், வாங்கும் கண் எதிர்ப்பக்கம் என்று தனித்தனியாக இருக்கும் வகையை வாங்குங்கள், தூசியை மீறும் தெம்பு அதற்குத்தான் அதிகம். கண்ணாடியை மெல்லிய துணியால் துடைப்பதை வேலை அட்டவணையிலேயே எழுதிவையுங்கள்.

டிராக்டர் டிரெய்லரில் ஒரு சிக்கல் உண்டு. டிராக்டர் மட்டும் மேடையில் ஏறி டிரெய்லர் வெளியே நின்றால், ஓரத்தில் இருப்பது இணைப்புக் கம்பி மட்டும்தான். பீம் அதற்கு மேலே போய்விட்டால் மேடை சரி என்றே காட்டும். கம்பி வரும் உயரத்தை உங்கள் மில்லுக்கு வரும் வண்டிகளிலேயே அளந்து அங்கே ஒரு பீம், லாரி சேஸ் உயரத்தில் இன்னொன்று வையுங்கள். பீம் கிழக்கு மேற்காகப் போனால், வாங்கும் கண் காலை வெயிலையோ மாலை வெயிலையோ நேராகப் பார்க்கும். எந்த நேரத்தில் உங்களிடம் வண்டி குறைவோ அந்தப் பக்கம் பார்க்கட்டும், மேலே ஒரு குழாய் மூடியும் போடுங்கள்.

கேள்வி: தகரக் கூரை குடோனின் லோடிங் மேடையில் அல்ட்ராசோனிக் சென்சார் இருக்கிறது. மதியம் லாரி நின்றாலும் ‘காலி’ என்று காட்டுகிறது.

பதில்: இந்த சென்சார் ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒலியின் வேகம் வெப்பத்தோடு மாறும். 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், 45 டிகிரியில் சுமார் 358. சென்சார் தன் உடம்புச் சூட்டை வைத்துத்தான் இதற்கு ஈடுகட்டும். உச்சி வெயிலில் தகரத்தை ஒட்டி மாட்டிய சென்சார், கீழே உள்ள காற்றைவிட அதிகமாகக் கொதிக்கும், கணக்கு பிசகும். தொய்ந்த தார்ப்பாயும் ஒலியைச் சரியாகத் திருப்பாது. கூரையிலிருந்து ஒரு முழம் இறக்கி, நிழலில் மாட்டிப் பாருங்கள். தீராவிட்டால் ரேடார் சென்சாருக்கு மாறுவதே நல்லது, அதற்குத் தூசியும் வெப்பமும் ஒரு பொருட்டில்லை. ஆனால் டாப்ளர் மட்டும் உள்ள மலிவு வகை வேண்டாம். அசையும் வண்டிதான் அதற்குத் தெரியும், லோடு இறங்கும்வரை அசையாமல் நிற்கும் லாரி அதற்கு இல்லாததாகிவிடும். நிற்கும் பொருளின் தூரத்தையும் அளக்கும் எஃப்.எம்.சி.டபிள்யூ. வகை என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தொழிலாளர் பைக்குகளை லூப் பிடிப்பதில்லை. சென்சிட்டிவிட்டியைக் கூட்டலாமா?

பதில்: ஒரு படி கூட்டலாம், அதற்கு மேல் போனால் பக்கத்துப் பாதையில் போகும் லாரியையும் பிடிக்கும். பைக்கை லூப் நடுவில் ஓட்டினால் தெரியாது. ஒயர் ஓடும் கோட்டின் மேலேயே சக்கரம் போனால்தான் நன்றாகத் தெரியும். லூப்பின் பக்கவாட்டு ஒயருக்கு நேர் மேலே வெள்ளைக் கோடு போட்டு அதிலேயே வரச் சொல்லுங்கள்.