மாடிக்கு ஏறாத வைஃபை: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கேள்வி: ஃபைபர் மோடம் கீழே ஹாலில் டிவி ஸ்டாண்டுக்குள் இருக்கிறது. மாடி அறையில் போன் இரண்டு கோடு காட்டினாலும் வீடியோ அழைப்பு நின்று நின்று வருகிறது. கடையில் ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) வாங்கச் சொல்கிறார்கள். பழைய ரவுட்டர் ஒன்றும் சும்மா கிடக்கிறது. எது சரி?
- வாசகி, கும்பகோணம்

பதில்: ரிப்பீட்டர் வேண்டாம். முதலில் மோடத்தை அந்த ஸ்டாண்டிலிருந்து வெளியே எடுங்கள். டிவியின் உலோகத் தகடு, இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், நிலைக்கண்ணாடி எல்லாமே அலையைத் தடுப்பவை. மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவரில் ஐந்தாறு அடி உயரத்தில் மாட்டுங்கள். கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் துளைப்பதைவிடப் படிக்கட்டுத் திறப்பின் வழியே அலை எளிதாக மேலேறும். மாற்றும்போது ஃபைபர் வயரைக் கூர்மையாக மடிக்காதீர்கள். ஒளி கசிந்து மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும், இணைப்பே போய்விடும்.

பிறகு அளந்து பாருங்கள். போனின் கோடுகளை நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டால் டெசிபல் கணக்கில் காட்டும். மைனஸ் 50 என்றால் அருமை; மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு ஓடும்; மைனஸ் 75ஐத் தாண்டினால் திணறும்.

இடம் மாற்றியும் போதவில்லை என்றால், மாடிக்கு அலையை அனுப்பப் பாடுபடாமல் கேபிளையே அனுப்புங்கள். நல்ல தீர்வு இதுதான். கேட் 6 என்ற நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். இரண்டு மாடி வீட்டுக்குப் பெரும்பாலும் 20 மீட்டரே போதும். முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். மலிவானவற்றில் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியிருப்பார்கள். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கரன்ட் வயர் போகும் பைப்பில் இதை நுழைக்கவே கூடாது. வெளிச்சுவர் வழியாகப் போனால் வெயில் தாங்கும் கறுப்பு உறைக் கேபிள் வேண்டும்.

இனி பழைய ரவுட்டர். கேபிளின் மேல் முனையில் இதைச் செருகினால் மாடிக்கு இதுவே வைஃபை தரும். ரீசெட் துளையில் ஊசியைப் பத்து விநாடி அழுத்திப் பழைய அமைப்புகளை அழியுங்கள். கணினியை அதன் லேன் (LAN) துளையில் செருகி, பிரவுசரில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறங்கள். மோடத்தின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 என்று கொடுங்கள். உடனே பக்கம் துண்டிக்கப்படும். பயம் வேண்டாம், புதிய முகவரியைத் தட்டி மறுபடி நுழையலாம். கூடவே, மோடம் மற்ற கருவிகளுக்குக் கொடுக்கும் முகவரிகள் 192.168.1.10இலிருந்து தொடங்கும்படி மோடத்தில் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஏதாவதொரு போனுக்கும் இதே 1.2 கிடைத்து இரண்டும் மோதிக்கொள்ளும்.

அடுத்து வைஃபை பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை மூன்றையும் கீழ்த்தள மோடத்தில் உள்ளபடியே வையுங்கள். சேனலை மட்டும் மாற்றுங்கள்: 2.4 கிகாஹெர்ட்ஸில் கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11. கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி என்ற அமைப்பை இந்த ரவுட்டரில் அணைப்பது கடைசி வேலை. அதை முதலிலேயே அணைத்தால் கணினிக்கு முகவரி கிடைக்காமல் நீங்களே வெளியே மாட்டிக்கொள்வீர்கள். அணைக்கவே மறந்தால் இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். சில போன்களுக்கு நெட் வரும், சிலவற்றுக்கு வராது. அப்படிப்பட்ட கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் மிகவும் கஷ்டம்.

கீழிருந்து வரும் கேபிளை ரவுட்டரின் லேன் துளையில் செருகுங்கள். தனி நிறத்தில் இருக்கும் வேன் (WAN) துளையில் அல்ல. பலர் தவறுவது இந்த இடத்தில்தான். ரவுட்டரில் டபிள்யூபிஏ2 (WPA2) என்ற வைஃபை பாதுகாப்பு வகை இல்லையென்றால் அதைப் பயன்படுத்தாதீர்கள். அவ்வளவு பழையது ஆபத்து.

கேள்வி: வாடகை வீடு. துளை போட முடியாது. ரிப்பீட்டர் வாங்கிவிட்டேன். சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, வேகம்தான் பாதிகூட இல்லை.
- வாசகர், மதுரை

பதில்: சிக்னலே வராத அறையில் அதை வைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அங்கே அதற்கே சரியாகக் கிடைக்காததைத்தான் அது உங்களுக்கு உரக்கச் சொல்கிறது. மோடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவில், மைனஸ் 60 அளவு கிடைக்கும் பிளக்கில் செருகுங்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்பும் ரிப்பீட்டர் ஒவ்வொரு தகவலையும் இரண்டு முறை காற்றில் விடுகிறது. அதனால்தான் வேகம் பாதியாகிறது. இரண்டு அலைவரிசைக் கருவியாக இருந்தால் மோடத்தோடு 5 கிகாஹெர்ட்ஸிலும் போன்களோடு 2.4இலும் பேச வையுங்கள்.

கதவு நிலையோரமாகத் தட்டைக் கேபிள் ஒட்டினால் சுவரில் ஆணிகூட வேண்டாம். வீட்டுக்காரரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மாடிக்குக் கேபிள் போட்டோம். 300 எம்பிபிஎஸ் திட்டம், மேலே 95ஐத் தாண்டவில்லை.
- வாசகர், திருநெல்வேலி

பதில்: எட்டுக் கம்பியில் நான்குதான் வேலை செய்கிறது, அல்லது ரவுட்டரின் துளையே 100 எம்பிபிஎஸ் வகை. முதலில் ரவுட்டர் பெட்டியில் ‘கிகாபிட்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் இரு முனைக் கனெக்டர்களையும் வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள் (கம்பிகளைக் கனெக்டரில் அழுத்திப் பொருத்துவது). வரிசை, கனெக்டரின் கொக்கி கீழே இருக்க இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரு முனையிலும் இதே வரிசை. பச்சை ஜோடி நீல ஜோடியை அணைத்தபடி பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். ஜோடிகளை அடுத்தடுத்து வைத்துவிடுவதுதான் வழக்கமான பிழை.