வடசென்னைச் சுற்றுலாவுக்கு யாரை வேலைக்கு வைப்பது?

கேள்வி: எங்கள் வார்டு கூட்டத்தில் வடசென்னைக்கு ஒரு சுற்றுலாத் திட்டம் பற்றிப் பேசுகிறார்கள். மாநகராட்சியே ஆள் எடுப்பது நல்லதா, ஏஜென்சியிடம் விடுவது நல்லதா? எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்க நாங்கள் என்ன கேட்க வேண்டும்?
- குடியிருப்போர் சங்கச் செயலாளர், ராயபுரம்

பதில்: மாநகராட்சியே ஒருங்கிணைப்புக்கு ஒருவரை நிரந்தர வேலையில் வைக்க வேண்டும் என்று கேளுங்கள். வழிகாட்டிகள் உள்ளூர்ப் பிள்ளைகளாக இருக்கட்டும். சுற்றிப் பார்க்கும் கூட்டம் பெரும்பாலும் சனி, ஞாயிறுதான் வரும் என்பதால், அழைத்துப் போகும் நடை ஒன்றுக்கு இவ்வளவு என்று அவர்களுடைய வங்கிக் கணக்கில் நேரடியாகப் போட்டால் போதும்.

அந்த ஒருவர் ஏன் நிரந்தரம்? உயர் நீதிமன்ற வளாகம் நீதித்துறையின் கையில். திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் அறநிலையத்துறையின் கையில். ராயபுரம் நிலையம் ரயில்வேயின் கையில். அனுமதிக் கடிதத்தோடு மூன்று வாசல்களிலும் சலிக்காமல் போய் நிற்க ஓர் ஆள் வேண்டும். நம் வழக்கமோ, ஏற்கெனவே கோப்புகளில் மூழ்கிக் கிடக்கும் அதிகாரியின் தலையில் இதையும் 'கூடுதல் பொறுப்பு' என்று கட்டுவது. அவருக்கு விவரம் பிடிபடுவதற்குள் மாறுதல் உத்தரவு வந்துவிடும். அடுத்தவர், 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது என்பதிலிருந்து பாடம் தொடங்குவார்.

ஏஜென்சிக்காரர்கள் "தலைவலி உங்களுக்கு வேண்டாம்" என்பார்கள். நம்பாதீர்கள். குறைந்த தொகைக்கு டெண்டர் எடுத்தவர் வேறெங்கே மிச்சம் பிடிப்பார்? பிள்ளைகளின் கூலியில்தான். நான் ஆலோசனை சொன்ன ஓர் ஊரில் மாதாமாதம் பி.எஃப். பிடித்தார்கள், கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. தொழிலாளியின் 12 சதவீதத்தோடு முதலாளியும் 12 சதவீதம் கட்ட வேண்டும். ஒப்பந்தக்காரர் கட்டாமல் விட்டால் பொறுப்பு வேலை கொடுத்த மாநகராட்சியின் மேல் வந்து விழும். இதைச் சொன்னால் அதிகாரிகள் விழித்துக்கொள்வார்கள். ஏஜென்சிதான் என்று பிடிவாதம் பிடித்தால், ஆள்வாரியாக பி.எஃப். கட்டிய சலான் இல்லாமல் பில் பாஸ் ஆகாது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

'பயிற்சிக் கட்டணம்' என்று பிள்ளைகளிடம் பணம் கறக்கும் புரோக்கர்களும் வருவார்கள். வழிகாட்டி வேலைக்கு ஒன்றிய சுற்றுலா அமைச்சகமே இணையவழிச் சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. அதில் சேர இடையில் ஆள் தேவையில்லை.

காசிமேட்டுக்கு மட்டும் இந்த நடைக்கூலிக் கணக்கு பொருந்தாது. அது பிழைப்பு நடக்கும் மீன்பிடித் துறைமுகம். விடியற்காலை ஏலத்துக்கு நடுவே கேமராவோடு நிற்பவரை ஐஸ் பெட்டி சுமப்பவர் திட்டினால், அது நியாயம்தான். எங்கே நிற்கலாம், எப்போது நகர வேண்டும் என்பது மீனவர் குடும்பத்து ஆளுக்குத்தான் தெரியும். ஆனால் அவருக்கு நடைக்கூலி பேசினால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன செய்வார்? விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஏலம் சுருங்கும், பார்க்க வருபவரும் குறைவர். வீட்டில் கடல் வருமானம் நிற்கும் அதே மாதங்களில் இந்தக் கூலியும் நின்றுவிடும். ஆகவே அவருக்குப் பன்னிரண்டு மாதமும் மாதச் சம்பளம். தடைக்காலத்தில் வலை சீரமைப்பதையும் படகு பழுதுபார்ப்பதையும் காட்டட்டும். ஏலத்தைவிட எனக்குப் பிடித்தது அதுதான். "தடைக்கால நிவாரணம் கிடைக்கிறதே" என்று நிதிப் பிரிவு மடக்கும். அது மீன்பிடிப்பு நின்றதற்கு, இது வழிகாட்டி வேலைக்கு என்று பதில் சொல்லுங்கள்.

எதையும் வாய்மொழியாகச் சொல்லாதீர்கள். மனுவாக எழுதி, கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லி, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.