பழைய மடிக்கணினியில் லினக்ஸ்: கேட்டார்கள், சொன்னேன்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துபோனது. அதிலிருந்து, "வீட்டில் கிடக்கும் மடிக்கணினியை என்ன செய்வது?" என்று கேட்காதவர்கள் குறைவு. வந்த கேள்விகளில் சில இங்கே.

ஈசூனிலிருந்து, ஓய்வு பெற்றவர்: "தம்பி, மகன் விட்டுப்போன 2016 மடிக்கணினி. விண்டோஸ் 11 ஏறாது என்று சொல்லிவிட்டது. தூக்கிப் போட்டுவிடவா?"

வேண்டாம் ஐயா. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைச் செயலியும். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு அந்தக் கண்டிப்பு கிடையாது. அதில் ஒரு வகையான லினக்ஸ் மிண்ட் 2 ஜிபி நினைவகத்திலேயே ஓடும். 4 ஜிபி இருந்தால் நிம்மதி. ஆனால் உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால், முதலில் அதை மாற்றி ஒரு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம்) போடுங்கள். சிம் லிம் சதுக்கத்தில் கேட்டாலே போட்டுக் கொடுப்பார்கள். அதைச் செய்யாமல் லினக்ஸ் போட்டுவிட்டு "மெதுவாக இருக்கிறதே" என்று என்னைத் திட்டக்கூடாது.

எதையும் அழிக்காமல் முதலில் ஓட்டிப் பாருங்கள். 8 ஜிபி தம்ப் டிரைவ் ஒன்று போதும், அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பது நினைவிருக்கட்டும். மிண்ட் கோப்பைப் பதிவிறக்கி, ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளால் அந்த டிரைவில் எழுதுங்கள். கணினியை அணைத்து, டிரைவைச் செருகி, திறக்கும்போதே எஃப்12-ஐத் தட்டிக்கொண்டிருங்கள் (லெனோவோ, டெல் இரண்டிலும் பெரும்பாலும் இதுதான்; எச்பி என்றால் எஃப்9). வரும் பட்டியலில் தம்ப் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் அதிலிருந்தே ஓடும், வட்டைத் தொடாது. வைஃபை, ஒலி, கேமரா, அச்சுப்பொறி நான்கையும் சோதியுங்கள். நான்கும் சரி என்ற பிறகுதான் நிறுவுவது.

பல்கலைக்கழக மாணவர்: "மிண்ட், உபுண்டு, ஃபெடோரா என்று ஏகப்பட்டது இருக்கிறது. எதை எடுப்பது?"

மிண்ட். விண்டோஸ் பழகிய கைக்கு அதன் மெனு உடனே பிடிபடும். 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு. 4 ஜிபி இயந்திரம் என்றால் மிண்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ வகை, அதற்கு மேல் சின்னமன் வகை. ஒப்பிட்டு ஒப்பிட்டே ஆறு மாதம் ஓட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிடோக்கிலிருந்து: "டெர்மினலில் கடவுச்சொல் கேட்கிறது. தட்டினால் எதுவுமே விழவில்லை. விசைப்பலகை போய்விட்டதா?"

விசைப்பலகை நன்றாகத்தான் இருக்கிறது. டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தில் சூடோ, அதாவது நிர்வாகி அனுமதி கேட்கும் கட்டளை, கடவுச்சொல் கேட்கும்போது பல கணினிகளில் புள்ளியோ நட்சத்திரமோ எதுவும் காட்டாது, எத்தனை எழுத்து என்றுகூடப் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. குருட்டாம்போக்கில் தட்டி என்டர் கொடுங்கள். முதல் நாள் எல்லோரும் இங்கே திகைத்து நிற்பார்கள்.

தமிழாசிரியை ஒருவர்: "தமிழ்99 தட்டச்சு கிடைக்குமா? விசைப்பலகை அமைப்பில் சேர்த்தேன், புள்ளி தானாக விழவில்லை."

நல்ல கேள்வி டீச்சர், பலர் தடுக்கி விழும் இடம் இது. நீங்கள் சேர்த்தது வெறும் விசை அமைப்பு. ஒரு விசைக்கு ஓர் எழுத்து, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். முன்னால் என்ன வந்தது என்று பார்க்காது. தமிழ்99-இன் அழகே அந்தத் தானியங்கிப் புள்ளிதானே: அ, ம, ம, ஆ என்று தட்டினால் முதல் 'ம' தானே மெய்யாகி 'அம்மா' வர வேண்டும். அதற்கு முந்தைய எழுத்தைப் பார்க்கும் உள்ளீட்டு மென்பொருள் தேவை. மென்பொருள் மேலாளரில் ஐபஸ்-எம்17என் என்பதை நிறுவி, வெளியேறி மீண்டும் நுழைந்து, ஐபஸ் அமைப்பில் தமிழ் > தமிழ்99 சேருங்கள். மாணவர்கள் ஆங்கில எழுத்துகளால் தமிழைத் தட்டும் அஞ்சல் முறையில் பழகியிருந்தால் அங்கேயே ஒலியியல் முறையும் உண்டு. ஏறக்குறைய ஒத்தது, ஓரிரு எழுத்துதான் இடம் மாறும்.

செங்காங்கிலிருந்து ஒரு அம்மா: "பையனுக்குப் பள்ளி மூலம் வாங்கிய மடிக்கணினியில் போடலாமா?"

கூடாது. அதில் பள்ளியின் சாதன மேலாண்மைச் செயலி இருக்கும். அதைத் தொடவே வேண்டாம்.

ஜூரோங்கிலிருந்து: "லினக்ஸும் விண்டோஸும் சேர்த்து வைத்திருக்கிறேன் அண்ணே. விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் எட்டு மணி நேரம் பின்னால் போகிறது. வைரஸா?"

இல்லை தம்பி. கணினிக்குள் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் ஒன்று உண்டு. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று நம்பிப் படிக்கும். சிங்கப்பூர், அந்த உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி முன்னால் இருப்பதால் அந்த எட்டு. (1982-க்கு முன்பு நமக்கு ஏழரை மணிதான் வித்தியாசம். அப்போது இந்தத் தொல்லை இருந்திருந்தால் ஏழரை என்றே பெயர் வைத்திருப்போம்.) டைம்டேட்-சிடிஎல் என்ற கட்டளையால் உள்ளூர் நேரத்தையே எழுதும்படி லினக்ஸிடம் சொல்லிவிடலாம்.

சேர்த்து வைக்க நினைக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: நிறுவும்போது 'வட்டை அழி' என்ற தேர்வும் 'பக்கத்தில் நிறுவு' என்ற தேர்வும் அடுத்தடுத்து வரும். நான் ஒருமுறை அவசரத்தில் மேலே இருந்ததைத் தொட்டு, மகளின் பிறந்தநாள் படங்களை மொத்தமாக இழந்தேன். படங்களை முதலில் வெளி வட்டில் நகலெடுங்கள். வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்குகிறது என்றால் அதன் மீட்புச் சாவியையும் எழுதி வையுங்கள்.

தங்குவிடுதியிலிருந்து ஒரு சகோதரர்: "பழைய லேப்டாப் வாங்கி மிண்ட் போட்டேன். வைஃபை காட்டவே இல்லை."

பெரும்பாலும் பிராட்காம் சில்லாக இருக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியைச் சார்ஜ் வயரில் இணைத்து, யூஎஸ்பி டெதரிங்கைத் திறந்துவிடுங்கள். கணினிக்கு இணையம் வந்துவிடும். அப்புறம் டிரைவர் மேனேஜரைத் திறந்து அது பரிந்துரைப்பதை நிறுவி, மறுதொடக்கம் செய்யுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து: "சிங்பாஸ், எக்செல் இரண்டும் லினக்ஸில் ஓடுமா?"

அரசாங்கச் சேவைகளுக்குள் நுழையும் சிங்பாஸ் உலாவியில் கியூஆர் குறியைக் காட்டும், கைப்பேசியால் வருடினால் முடிந்தது. எக்செல் நேரடியாக ஓடாது. லிப்ரே ஆஃபிஸ் சாதாரணக் கணக்குக்குப் போதும். அலுவலகக் கோப்பில் மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைகள்) நிறைய இருந்தால் விண்டோஸை வைத்துக்கொள்ளுங்கள், வீம்பு வேண்டாம்.

மீண்டும் ஈசூன் ஐயா: "எஃப்12-ஐத் தட்டித் தட்டி விரல் வலிக்கிறது. நேராக விண்டோஸ்தான் வருகிறது!"

விண்டோஸ் முழுதாக அணைவதில்லை ஐயா, அரைத் தூக்கம்தான். ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு 'ரீஸ்டார்ட்'டைச் சொடுக்குங்கள். நீலத் திரை வரும். அதில் 'யூஸ் எ டிவைஸ்' என்பதற்குள் போனால் உங்கள் தம்ப் டிரைவின் பெயர் இருக்கும். மிண்ட் திரை வந்ததும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.