உங்கள் கேள்வி, மருத்துவர் பதில்: கால்சியம் சேனல் பிளாக்கர் மாத்திரைகள்

கே: எனக்கு வயது 62. படியேறினால் நெஞ்சை இறுக்குகிறது. நின்றால் 3 நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. ஆஞ்சியோகிராம் பார்த்துவிட்டு, இப்போதைக்கு மாத்திரை போதும் என்றார்கள். மெட்டோப்ரோலாலும் அம்லோடிபின் 5 மி.கி.யும் சாப்பிடுகிறேன். இதே தொந்தரவுள்ள என் மைத்துனருக்கு டில்டியாசெம் தந்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே வகை என்கிறார்கள். எது உசத்தி? (பெரம்பூர் வாசகர்)

ப: இரண்டும் கால்சியம் சேனல் பிளாக்கர் என்ற ஒரே வகைதான், ஆனால் வேலை பார்க்கும் இடம் வேறு. அம்லோடிபின் முக்கியமாக ரத்தக்குழாயைத் தளர்த்தும். ரத்த அழுத்தம் இறங்கும், இதயத்தின் சுமை குறையும். நாடித்துடிப்பை அது பெரிதாகத் தொடாது. டில்டியாசெம் குழாயையும் தளர்த்தும், துடிப்பையும் குறைக்கும். இதே வகையைச் சேர்ந்த வெரபமில் இதயத் துடிப்பை இன்னும் பலமாகக் குறைக்கும்.

நெஞ்சு இறுக்கத்தைக் குறைப்பதில் மூன்றுமே நன்றாக உதவுகின்றன. ஆகவே உசத்தி எது என்பதைவிட, கூட என்ன மாத்திரை போகிறது என்பதுதான் கேள்வி. பீட்டா பிளாக்கர் வகையான மெட்டோப்ரோலால் ஏற்கெனவே துடிப்பைக் குறைக்கிறது. அதோடு வெரபமில் சேர்ந்தால் நாடி 40-க்கும் கீழே போகலாம், இதயத்தின் மின்னோட்டம் தடைபட்டு மயக்கம் வரலாம். அந்த ஜோடியைப் பொதுவாகத் தவிர்க்கிறோம். டில்டியாசெமை இசிஜி பார்த்து, மிகக் கவனமாகச் சேர்ப்பதுண்டு. உங்களுக்கு அம்லோடிபின் வந்தது இதனால்தான். உங்கள் மைத்துனருக்கு வீசிங் இருந்து, பீட்டா பிளாக்கர் ஒத்துவராமல் போயிருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு டில்டியாசெம் நல்ல மாற்று. இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைந்தவர்களுக்கு டில்டியாசெமும் வெரபமிலும் ஆகாது. எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டைக் காட்டாமல் மாத்திரையை மாற்றாதீர்கள்.

அம்லோடிபின் உடம்பில் மெதுவாகத்தான் சேரும். முழுப் பலன் தெரிய ஒரு வாரமாவது ஆகும். இரண்டாம் நாளே 'கேட்கவில்லை' என்று நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். வலி வந்த நேரத்தில் இதைப் போட்டும் பயனில்லை. அதற்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரைதான். உட்கார்ந்துகொண்டு வையுங்கள். 5 நிமிடத்தில் வலி குறையவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள்.

கே: அம்லோடிபின் 10 மி.கி. ஆக்கியதிலிருந்து மாலையில் இரண்டு கணுக்காலும் வீங்குகிறது. நீர் பிரிய மாத்திரை போட்டும் வற்றவில்லை. சிறுநீரகம் கெட்டுவிட்டதா? (மடிப்பாக்கம் வாசகி)

ப: பெரும்பாலும் மாத்திரையின் வேலைதான். ரத்தத்தைக் கொண்டுவரும் சிறு தமனிகள் விரிகின்றன, திரும்ப எடுத்துப் போகும் சிரைகள் அந்த அளவுக்கு விரிவதில்லை. நடுவில் அழுத்தம் ஏறி, நீர் திசுக்களில் கசிகிறது. உடம்பில் நீர் மிஞ்சியதால் வந்த வீக்கமல்ல என்பதால் நீர் மாத்திரை அதிகம் கேட்காது. சோடியம், பொட்டாசியம்தான் தாறுமாறாகும். 5 மி.கி.க்கு இறக்கினாலே பலருக்கு வடிந்துவிடும். டெல்மிசார்டான், ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளைச் சேர்த்தாலும் குறையும். அவை சிரைகளையும் விரிக்கின்றன. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ கதை வேறு, அன்றே காட்டுங்கள். எப்படியும் சிறுநீரகத்துக்கான யூரியா, கிரியாட்டினின் பரிசோதனையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஈறு தடித்தாலும் சொல்லுங்கள், அதற்கும் இந்த மாத்திரை காரணமாகலாம்.

கே: டில்டியாசெம் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது? (தாம்பரம் வாசகர்)

ப: 'எஸ்.ஆர்.' என்று போட்டிருந்தால் உடைக்கவோ மெல்லவோ கூடாது. நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். கொலஸ்ட்ராலுக்கான சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டால் 10 மி.கி.க்கு மேல் வேண்டாம், தசை வலி வரும். துடிப்பைக் குறைக்கும் ஐவாபிரடின் மாத்திரை சேரவே கூடாது. பம்ப்ளிமாஸ் பழத்தையும் ஒதுக்கிவிடுங்கள். வெரபமில் எடுப்பவர்களுக்கு மலச்சிக்கல் வரலாம்.

கே: எலும்புக்குக் கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறேன். கால்சியம் சேனல் பிளாக்கர் அதை முறிக்குமா? (மயிலாப்பூர் வாசகி)

ப: முறிக்காது. கால்சியம் தசை செல்லுக்குள் நுழையும் வாசலைத்தான் இந்த மருந்து அடைக்கிறது. ரத்தத்தில் இருப்பதைக் குறைப்பதில்லை.