திரியாய்க் காட்டில் தனியே ஓர் இரவு

வணக்கம் தம்பி. இலங்கையில் திருகோணமலை மாவட்டத்துத் திரியாய்ப் பக்கத்துக் காட்டில் தனியே ஓர் இரவு தங்க எந்தக் கூடாரம் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாரத்தை விடுங்கள், யானையை யோசித்தீர்களா?

இப்போது ஆடி மாதம். காட்டுக்குள் நீர் வற்றிவிட்டது. இருட்டியதும் யானைகள் குளங்களைத் தேடி வரும். நீங்களும் தண்ணீருக்காகக் குளக்கரையில்தான் கூடாரம் போடுவீர்கள். சில வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் போட்டேன். மாலையில் கைகழுவப் போனபோது சேற்றில் ஒரு சுளகு அகலத்துக்குக் கால்தடம். அதற்குள் இன்னும் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. பையைக் கட்டிக்கொண்டு வீதிக்கு வந்துதான் மூச்சு விட்டேன். உப்பும் அரிசியும் யானைக்கு மணக்கும், பையில் கட்டி வைத்தாலும் கண்டுபிடித்துவிடும். பாலைப்பழம் இருக்கும் இடத்தில் கரடியும் வரும். புடையன் என்ற விஷப்பாம்பைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

காட்டில் ஓர் இரவு கழித்தே ஆக வேண்டுமென்றால் நக்கிள்ஸ் மலைப்பக்கம் போங்கள். 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி அது. வன இலாகாவில் அனுமதி எடுத்து, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் தங்குங்கள். அங்கே தொல்லை அட்டைதான். நீளமான காலுறையும் சவர்க்காரமும் போதும். முதல் தடவையாவது ஊர் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

திரியாய்க்குப் பகலில் போய், மலையேறி, தூபியைச் சுற்றி வட்டமாகக் கட்டிய பழைய பௌத்தக் கட்டடமான வட்டதாகேயைப் பார்த்துவிட்டு, பொழுது சாயுமுன் திரும்பிவிடுங்கள்.