குருத்தணுவுக்கு இளமை திரும்புமா? – வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு 68 வயது. அரிவாள் பட்ட சிறு காயம்கூட இப்போது ஆற மூன்று வாரம் ஆகிறது. வயதான ஸ்டெம் செல்களை மறுபடியும் இளமையாக்கலாம் என்று நாளிதழில் படித்தேன். ஸ்டெம் செல்லுக்கும் வயதாகுமா?
– கரும்பு விவசாயி, கோபிசெட்டிபாளையம்

பதில்: முதலில் ரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், காயம் தாமதமாக ஆறுவதற்கு வயதை மட்டுமே காரணமாகச் சொல்லிவிடக் கூடாது.

ஸ்டெம் செல்லைத் தமிழில் குருத்தணு என்கிறோம். கரும்பை வெட்டிய பின்பு மண்ணுக்குள் இருக்கும் கட்டையின் பருக்கள் மறுபடி துளிர்ப்பதைப்போல, உடம்பில் தேய்ந்து உதிரும் செல்களுக்கு ஈடாகப் புதியவற்றைத் தருபவை இவையே. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள்தான் வாழும் என்பதால், எலும்பு மஜ்ஜை நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களை உருவாக்கியாக வேண்டியிருக்கிறது. குருத்தணுவுக்கும் வயதாகிறது. மஜ்ஜையில் அவற்றின் எண்ணிக்கை குறைவதில்லை, கூடவும் செய்கிறது; ஆனால் வேலையின் தரம் குறைந்து, நோய் எதிர்ப்புக்கான நிணநீர்ச் செல்களின் உற்பத்தி குறைந்துவிடுகிறது. முதியவர்களிடம் தடுப்பூசி முழுப்பலன் தராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டைக் கரும்பு மூன்றாம், நான்காம் வெட்டில் தூர் மெலிந்து போகிறதே, அது கட்டையின் கிழட்டுத்தனமா, மண் இறுகிப்போனதா? இதே கேள்வியைத்தான் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேட்டார்கள். 2005இல் வெளியான அவர்களது ஆய்வில், கிழட்டு எலி ஒன்றையும் இளம் எலி ஒன்றையும் விலாவோடு விலாவாகத் தைத்து, இரண்டுக்கும் ஒரே ரத்தம் ஓடும்படி செய்தபோது, கிழட்டு எலியின் தசையில் உறங்கிக்கிடந்த குருத்தணுக்கள் விழித்துக் காயத்தைச் செப்பனிடத் தொடங்கின. கட்டையைத் தரையோடு சீவி, பாரின் ஓரங்களை உடைத்து, உரமிட்டால் மறுதாம்பு, அதாவது கட்டைக் கரும்பு, தேறிவருவதைப் போன்றதுதான் இதுவும். சுற்றியிருக்கும் ரத்தம் என்ற மண்ணுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதே அதிலிருந்து நாம் அறிவது. இதை வைத்து இளைஞர்களின் ரத்தநீரை விலைக்கு ஏற்றிய வியாபாரமும் அங்கே நடந்தது; நிரூபிக்கப்பட்ட பயன் எதுவும் இல்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019 பிப்ரவரியில் எச்சரித்தது.

கேள்வி: யாமனாகாவின் நான்கு மரபணுக்களை உடம்பில் செலுத்தினால் முதுமையைத் திருப்பிவிட முடியாதா?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: ஜப்பானிய அறிவியலாளர் ஷின்யா யாமனாகா 2006இல் எலியின் தோல் செல்களில் நான்கு மரபணுக்களை இயக்கி, அவற்றைக் கருநிலைச் செல்களைப் போல மாற்றிக் காட்டினார், 2012இல் ஜான் கர்டனுடன் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். சிக்கல் என்னவென்றால், முழுவதும் பின்னோக்கிப் போன செல் தான் தோலா தசையா என்பதையே மறந்துவிடுகிறது. உடம்புக்குள் அப்படி நடந்தால் பல்வகைத் திசுக்கள் கலந்த கட்டிகள் உருவாகும். ஆகவே பாதி வழியில் நிறுத்தும் முறையை முயன்றார்கள். கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மரபணுக்களை இரண்டு நாள் இயக்கி, ஐந்து நாள் ஓய்வளித்தபோது, விரைவு முதுமை நோய் கொண்ட எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. அவை நோயுற்ற எலிகள் என்பதைத் தலைப்புச் செய்திகள் வசதியாக விட்டுவிட்டன. மனிதருக்கு எந்த அளவில், எத்தனை நாள் இயக்கினால் புற்றுநோய் வராது என்பதற்கு விடை கிடைக்கும்வரை இது ஆய்வுக்கூடத்து விஷயம்தான்.

கேள்வி: வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை ஊசியாகப் போட்டால் இளமை திரும்பும் என்று ஒரு தனியார் மையத்தில் மூன்று லட்சம் கேட்கிறார்கள். போட்டுக்கொள்ளலாமா?
– பனியன் நிறுவன மேலாளர், திருப்பூர்

பதில்: வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்களின்படி, ரத்தம் தொடர்பான நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவற்றைத் தவிர, மற்ற குருத்தணு சிகிச்சைகளை முறையாகப் பதிவுசெய்த ஆய்வாக மட்டுமே நடத்த வேண்டும். அத்தகைய ஆய்வில் பங்கேற்பவரிடம் சிகிச்சைக்காகப் பணம் வாங்கக் கூடாது. உங்களிடம் மூன்று லட்சம் கேட்டார்கள் என்பதே போதுமான பதில். ஐயம் இருந்தால் ஆய்வின் பதிவு எண்ணைக் கேட்டுப்பாருங்கள், பேச்சு மாறிவிடும்.

கேள்வி: மஞ்சள் மாத்திரை குருத்தணுக்களைப் புதுப்பிக்குமா? செலவில்லாத வழி ஏதும் உண்டா?
– இல்லத்தரசி, ஈரோடு

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்கிறேன். வயதான எலிகளைச் சுழல்சக்கரத்தில் விருப்பம்போல் ஓடவிட்டபோது அவற்றின் தசைக் குருத்தணுக்கள் காயத்தை விரைவாகச் சரிசெய்தன என்று 2020இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு காட்டியது. ஆகவே காலை நடையோடு, நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். முழங்கால் வலித்தால் மேசையைப் பிடித்துக்கொண்டு செய்யலாம்.

மஞ்சளில் உள்ள குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. அது மனிதரின் குருத்தணுவை இளமையாக்கும் என்பதற்குச் சான்றில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மஞ்சள் மாத்திரையைத் தொடவே கூடாது. அரிசியும் பருப்புஞ் சோற்றில் போடும் மஞ்சளுக்கு இந்தத் தடை பொருந்தாது.